இயேசு வாழ்ந்தார் என்பதற்கு வரலாற்றில் என்ன சான்று?

1961-ல் இஸ்ரேலின் மத்தியதரைக் கடலோர ஊரான செசரியாவில் இத்தாலிய அகழாய்வாளர்கள் ஒரு ரோமானிய அரங்கத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் யாரோ படிக்கட்டுக்காக எடுத்துப் போட்டிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில் எழுத்துகள் தெரிந்தன. பாதி தேய்ந்துபோன அந்த லத்தீன் வரிகளில் பொந்தியு பிலாத்துவின் பெயரும், யூதேயாவின் ஆளுநர் என்ற அவருடைய பதவியும் இருந்தன. கிறிஸ்தவர்கள் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதெல்லாம் வருகிற, இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய அதே பிலாத்துதான்.

பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை அந்தப் பகுதியை ஆண்டவர். கையில் படை இருந்தது, நாணயம் அடித்து வெளியிட்டார், ரோமுக்கு அறிக்கைகளும் அனுப்பியிருப்பார். இன்று அவர் எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. அவர் வெளியிட்ட நாணயங்களில் பேரரசர் பெயர்தான் இருக்கிறது. ஃபைலோ, ஜோசபஸ் என்ற இரண்டு யூத எழுத்தாளர்கள், டாசிட்டஸ் என்ற ரோமானியர், அப்புறம் பைபிளில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்கள்: இவற்றை விட்டால் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு வழி அநேகமாக இல்லை. 1961 வரை அவர் பெயர் பொறித்த ஒரு கல்லும் கிடைத்திருக்கவில்லை.

பேரரசின் ஆளுநருக்கே இவ்வளவுதான் மிஞ்சியது என்றால், அவர் ஆட்சியில் தண்டிக்கப்பட்ட ஒரு கிராமத்துத் தச்சருக்கு எவ்வளவு மிஞ்சும்? இயேசு இருந்தாரா இல்லையா என்று வாதாடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு பக்கத்தார் மலைபோலச் சான்று இருக்கிறது என்பார்கள். மறுபக்கத்தார், அவர் காலத்தில் ஒருவர்கூட அவரைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. உண்மையும்கூட: இயேசு உயிரோடு இருந்தபோது எழுதப்பட்டு அவரைக் குறிப்பிடும் எழுத்து எதுவும் இன்று இல்லை. அவரே எழுதியதாகவும் எதுவும் இல்லை.

ஆனால் இயேசு வாழ்ந்த அந்தக் காலத்துக் கலிலேயாவில் எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எழுதியவர்களும் அரசர்களையும் போர்களையும் பற்றித்தான் எழுதினார்கள். அதே நூற்றாண்டில் தெயுதா என்று ஒருவர் கூட்டம் சேர்த்துக்கொண்டு, யோர்தான் நதி எனக்கு வழிவிடும் என்று கிளம்பினார். ரோமானியக் குதிரைப்படை அவர் தலையை வெட்டியது. எகிப்தியன் என்று மட்டும் அறியப்பட்ட இன்னொருவர் ஆயிரக்கணக்கானவர்களை ஒலிவமலைக்குக் கூட்டிப்போனார். இருவருக்கும் சமகாலச் சான்று கிடையாது. ஜோசபஸ் பல பத்தாண்டுகள் கழித்து எழுதியதும், பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் ஓரிரு வரிகளும்தான். இவர்கள் கற்பனைப் பாத்திரங்கள் என்று யாரும் வழக்காடுவதில்லை. இயேசுவையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சரி, இருக்கும் சான்றுகளில் எது பழையது? பலரும் சுவிசேஷங்கள் என்று நினைப்பார்கள். அவற்றுக்கு முன்பே, ஆரம்பகாலக் கிறிஸ்தவப் போதகரான பவுலின் கடிதங்கள் வந்துவிட்டன. பவுல் பெயரில் உள்ள கடிதங்களில் ஏழு உறுதியாக அவருடையவை என்று ஏறத்தாழ எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்: ரோமர், இரண்டு கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், முதல் தெசலோனிக்கேயர், பிலேமோன். கி.பி. 50-களை ஒட்டி எழுதப்பட்டவை. சிலுவை மரணம் 30-ஐ ஒட்டி நடந்தது என்றால் இடைவெளி இருபது, இருபத்தைந்து ஆண்டுகள்தான்.

பவுல் இயேசுவை நேரில் பார்த்தவர் அல்ல. தமக்குத் தரிசனம் கிடைத்தது என்கிறார், அதை வரலாற்று ஆய்வு எடைபோட முடியாது. அவர் கடிதங்களில் இயேசுவின் வாழ்க்கை பற்றிய தகவலும் குறைவு. ஒரு பெண்ணிடம் பிறந்தார், சகோதரர்கள் இருந்தார்கள், விவாகரத்து கூடாது என்று போதித்தார், காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார், சிலுவையில் செத்தார். ஏறக்குறைய இவ்வளவே.

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒரு செய்தியை அவர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். கலாத்தியர் முதல் அதிகாரத்தில் பவுல் ஒரு சச்சரவில் இருக்கிறார். எருசலேமில் இருந்த தலைவர்களிடம் கற்றுக்கொண்டுதான் நீ பேசுகிறாய் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை மறுக்கும் வேகத்தில், மனம் மாறி மூன்று ஆண்டு கழித்துத்தான் எருசலேமுக்குப் போனேன், கேபாவோடு, அதாவது இயேசுவின் முதன்மைச் சீடரான பேதுருவோடு, பதினைந்து நாள் தங்கினேன், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைத் தவிர வேறு அப்போஸ்தலர் யாரையும் பார்க்கவில்லை என்கிறார். தாம் சொல்வது பொய் அல்ல என்று சத்தியமும் செய்கிறார்.

இது ஏன் கனமான சான்று? இயேசு இருந்தார் என்று நிரூபிக்க அவர் இதை எழுதவில்லை. அவருக்கு அப்படி ஒரு சந்தேகமே எழவில்லை. எருசலேம்காரர்களுக்கும் தனக்கும் தொடர்பு கொஞ்சம்தான் என்று காட்டுவதே அவர் நோக்கம், அந்த வகையில் யாக்கோபைச் சந்தித்தது அவருக்கு வசதியான தகவலும் அல்ல. அந்தச் சந்திப்பு 30-களின் இரண்டாம் பாதியில் நடந்திருக்கும், அதாவது மரணத்துக்குப் பிறகு பத்து ஆண்டுக்குள். இறந்தவரின் தம்பியை நேரில் பார்த்த ஒருவரே எழுதிய கடிதத்தின் வாசகம் நம்மிடம் இருக்கிறது. பழங்கால வரலாற்றில் இது அபூர்வம்.

இயேசு வெறும் புனைவு என்று வாதிடுகிறவர்கள் இந்த வரியில் வந்து நின்றுவிடுகிறார்கள். கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் சகோதரர் என்றுதானே அழைத்துக்கொண்டார்கள், இதுவும் அப்படித்தான் என்பது அவர்கள் பதில். பேதுருவும் விசுவாசிதானே, அவரை ஏன் அப்படிச் சொல்லவில்லை? கொரிந்தியருக்கு எழுதும்போதும் அப்போஸ்தலர்கள், கர்த்தருடைய சகோதரர்கள், கேபா என்று பவுல் தனித்தனியாகப் பிரித்தே சொல்கிறார். கத்தோலிக்க மரபில் இந்தச் சகோதரர்கள் கூடப்பிறந்தவர்கள் அல்ல, நெருங்கிய உறவினர்கள் என்பார்கள். நம் கேள்விக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. இல்லாத மனிதருக்குப் பெரியப்பா பிள்ளையும் இருக்க முடியாது.

இதே யாக்கோபு கிறிஸ்தவரல்லாத ஒருவரின் எழுத்திலும் வருகிறார். ஜோசபஸ் கி.பி. 37-ல் எருசலேமில் பிறந்தவர், குருமார் குடும்பத்துக்காரர். ரோமுக்கு எதிரான போரில் யூதர் பக்கம் படை நடத்தி, பிடிபட்டு, பிறகு ரோமிலேயே பேரரசரின் ஆதரவில் வாழ்ந்தவர். 93 அல்லது 94-ல் அவர் முடித்த யூத வரலாற்றின் 20-ஆம் புத்தகத்தில் 62-ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்று இருக்கிறது. ஆளுநர் பெஸ்து இறந்துவிட்டார், புதிய ஆளுநர் இன்னும் வந்துசேரவில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி அன்னா என்ற தலைமைக் குரு, "கிறிஸ்து எனப்படுகிற இயேசுவின் சகோதரன்" யாக்கோபையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்ல வைத்தார். ஊரில் பலருக்கு இது பிடிக்கவில்லை. புகார் போனது, அன்னாவின் பதவி மூன்றே மாதத்தில் பறிபோனது.

ஜோசபஸுக்கு இங்கே இயேசுவைப் பற்றி அக்கறையே இல்லை. எந்த யாக்கோபு என்று அடையாளம் சொல்ல அண்ணன் பெயர் தேவைப்பட்டது. எந்த இயேசு என்று சொல்ல ஓர் அடைமொழி தேவைப்பட்டது, ஏனென்றால் அந்தக் காலத்தில் யூதர்களிடையே அது சர்வசாதாரணமான பெயர். அன்னாவுக்கு அடுத்து பதவிக்கு வந்தவரே தம்னேயுவின் மகன் இயேசு என்ற இன்னொருவர்! இங்கே பேசப்படுவது அந்த இயேசுதான், அடைமொழி பின்னால் சேர்ந்தது என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் ஜோசபஸைச் சொல்லும்போது இதே அடைமொழியோடுதான் சொல்கிறார். அதோடு, ஒரு கிறிஸ்தவர் சேர்த்திருந்தால் "எனப்படுகிற" என்று பட்டும்படாமல் எழுதியிருப்பாரா என்பதும் சந்தேகம்.

ஜோசபஸின் 18-ஆம் புத்தகத்தில் இருக்கும் பத்திதான் உலகப் புகழ் பெற்றது. இணையத்தில் அதிகம் பகிரப்படுவதும் அதுவே. அங்கே இயேசு ஞானமுள்ள மனிதர், அவரை மனிதர் என்று சொல்லலாமா என்றே தெரியவில்லை, அவரே கிறிஸ்து (யூதர்கள் எதிர்பார்த்த மீட்பரான மேசியா), மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றெல்லாம் வருகிறது. கடைசிவரை யூதராக வாழ்ந்த ஒருவர் இப்படி எழுதியிருக்கவே முடியாது. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த நம் அறிஞர்கள் இடைச்செருகல் என்று எதைச் சொன்னார்களோ அதுதான் இது. ஜோசபஸின் நூல்களைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் காத்தவர்கள் கிறிஸ்தவர்கள். இந்தப் பகுதிக்கு இன்று கிடைக்கும் கிரேக்கப் படிகள் மூலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியவை. இடையில் எந்தப் பக்திமானின் கை புகுந்தது என்று யார் கண்டார்கள்?

எப்போது புகுந்தது என்று ஓரளவு சொல்ல முடிகிறது, அதுதான் சுவாரசியம். ஜோசபஸ் இயேசுவைக் கிறிஸ்து என்று ஏற்கவில்லை என்று ஒரிகன் வருத்தத்தோடு எழுதுகிறார். அப்படியானால் அவர் கையிலிருந்த படியில் "அவரே கிறிஸ்து" என்ற வரி இருந்திருக்காது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூசிபியஸ் என்ற ஆயர் மேற்கோள் காட்டும்போது அந்த வரி வந்துவிட்டது. முழுப் பத்தியுமே போலி என்போர் உண்டு. பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வது: ஜோசபஸ் இயேசுவைப் பற்றி ஏதோ சுருக்கமாக எழுதியிருந்தார், அதில் பிலாத்து அவரைச் சிலுவைக்கு அனுப்பிய செய்தியும் இருந்தது, பின்னால் வந்தவர்கள் அதன்மேல் வர்ணம் பூசினார்கள். இதுவே சரியாக இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் யாராவது இந்தப் பத்தியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் நம்பிவிட வேண்டாம். யாக்கோபு பற்றிய அந்த ஒரு வரிக்குள்ள உறுதி இதற்கு இல்லை.

அடுத்து ரோமானியர்கள். 64-ல் ரோம் நகரம் பற்றி எரிந்தபோது நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டான். சுமார் 116-ல் அதை எழுதிய டாசிட்டஸ், அந்தப் பெயருக்குக் காரணமான கிறிஸ்து பேரரசர் திபேரியுவின் ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் தண்டித்துக் கொல்லப்பட்டார் என்று விளக்குகிறார். இந்த மதத்தை நாசகார மூடநம்பிக்கை என்று திட்டுகிறார், ஆகவே இது கிறிஸ்தவர் யாரும் செருகியதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அவருக்கு இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? அரசு ஆவணத்தில் பார்த்தார் என்று சிலர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிலாத்துவின் பதவியைக் குறிக்கத் தம் காலத்தில் வழங்கிய சொல்லை டாசிட்டஸ் போடுகிறார். செசரியாக் கல்லில் இருப்பது வேறு சொல். கிறிஸ்தவர்களிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவும் கூடும். எப்படியானாலும், ஏளனம் செய்யக் காத்திருந்த ஒரு ரோமானியர்கூட இப்படி ஓர் ஆள் இருந்ததைச் சந்தேகிக்கவில்லை என்பது தெரிகிறது.

பிளினி, சூட்டோனியஸ் என்ற பெயர்களையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். வடக்குத் துருக்கிப் பகுதியின் ஆளுநரான பிளினி சுமார் 112-ல் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுள்போல் பாடுகிறார்கள் என்கிறார். அது கிறிஸ்தவர்கள் இருந்ததற்குச் சான்று, இயேசு இருந்ததற்கு அல்ல. கிரெஸ்துஸ் என்பவனின் தூண்டுதலால் ரோமில் யூதர்கள் கலகம் செய்தார்கள் என்று சூட்டோனியஸ் எழுதுவது யாரைப் பற்றி என்பதே விவாதத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒதுக்கி வைத்தாலும் குறைவில்லை.

இனி சுவிசேஷங்கள். மாற்கு 70-ஐ ஒட்டியும், மத்தேயுவும் லூக்காவும் அடுத்த பத்து இருபது ஆண்டுகளிலும், யோவான் நூற்றாண்டின் இறுதியிலும் எழுதப்பட்டதாகப் பொதுவாகக் கணிக்கிறார்கள். இவை விசுவாசத்தை வளர்க்க எழுதப்பட்டவை, நடுநிலை அறிக்கைகள் அல்ல. அதற்காகத் தூக்கிப் போட்டுவிட முடியாது. பழங்காலத்தில் நடுநிலையோடு எழுதியவர் என்று யாரைச் சொல்வது? ஆசிரியர் எதைச் சொல்ல விரும்பினார், எதைச் சொல்லத் தயங்கினார் என்று பார்ப்பதுதான் வழி.

யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெற்ற கதையை எடுத்துக்கொள்வோம். யோவான் ஸ்நானகன் (சுவிசேஷக்காரர் யோவான் வேறு) பாவமன்னிப்புக்காக ஞானஸ்நானம் கொடுத்தவர். அவரிடம் இயேசு போனார் என்றால் இயேசுவுக்குப் பாவம் இருந்ததா, யோவான் அவரைவிடப் பெரியவரா என்ற கேள்விகள் வரும். மாற்கு அதையெல்லாம் யோசிக்காமல் நேராகச் சொல்லிவிடுகிறார். மத்தேயுவில் யோவான் தடுக்கிறார்: நான் உம்மிடம் பெற வேண்டியிருக்க, நீர் என்னிடம் வரலாமா? லூக்கா முதலில் யோவான் சிறைக்குப் போனதைச் சொல்லிவிட்டு, அப்புறம் இயேசு ஞானஸ்நானம் பெற்றார் என்கிறார், கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. நான்காவது சுவிசேஷத்திலோ ஞானஸ்நானக் காட்சியே இல்லை, யோவான் சாட்சி மட்டும் சொல்கிறார். இருபது முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு சங்கடம் எப்படி மெல்ல மெல்ல மூடப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். இப்படிச் சங்கடப்படுத்தும் சம்பவத்தை அவர்களே இட்டுக்கட்டியிருப்பார்களா? இந்த யோவானைப் பற்றி ஜோசபஸும் தனியாக எழுதியிருக்கிறார், கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா அவரைக் கொன்றது உட்பட.

நாசரேத்தும் அப்படியே. மேசியா பெத்லகேமில் பிறக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மத்தேயுவும் லூக்காவும் இயேசுவைப் பெத்லகேமில் பிறக்க வைக்கப் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. மத்தேயுவில் அது பெரிய ஏரோது உயிரோடு இருந்த காலம், அவன் இறந்தது கி.மு. 4-ல். லூக்கா அந்தப் பிறப்போடு சேர்த்துச் சொல்லும், ரோமானிய ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) நடந்தது கி.பி. 6-ல். இரண்டையும் ஒட்டவைக்க எத்தனையோ முயற்சிகள் நடந்திருக்கின்றன, எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை. ஆனால் முழுக்கக் கற்பனை என்றால் இவ்வளவு சிரமம் எதற்கு? பெத்லகேம்காரர் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாமே. யாருக்கும் தெரியாத நாசரேத்து கதையில் ஒட்டிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், அவர் அந்த ஊர்க்காரர் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததுதான். அப்படி ஓர் ஊரே அன்று இல்லை என்றும் ஒரு காலத்தில் சொல்லிப் பார்த்தார்கள். 2009-ல் முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படும் ஒரு வீட்டின் அடித்தளம் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சிலுவை. இன்று அது கோபுரத்தின் உச்சியில் நிற்கிறது. அன்று அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்த, வாயால் சொல்லக் கூசிய தண்டனை அது. எதிரிகளை வென்று அரியணை ஏறுவார் என்று மேசியாவை எதிர்பார்த்தவர்களிடம், அவர் அம்மணமாக ஆணியில் தொங்கிச் செத்தார் என்று சொல்ல வேண்டியிருந்தது. யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று பவுலே ஒப்புக்கொள்கிறார். ரோம் நகரின் பலத்தீன் குன்றில் கிடைத்த ஒரு சுவர்க் கிறுக்கலில், சிலுவையில் தொங்கும் கழுதைத்தலை மனிதனை ஒருவர் வணங்குகிறார், கீழே "அலெக்ஸமெனோஸ் தன் கடவுளைத் தொழுகிறான்" என்று கிண்டல். இப்படிக் கேலிக்கு ஆளாக்கும் ஒரு மரணத்தை யாரும் விரும்பிக் கற்பனை செய்ய மாட்டார்கள்.

தொல்லியல் பக்கம் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. 1968-ல் எருசலேம் அருகே, குதிகால் எலும்பில் ஆணி பாய்ந்த நிலையில் யெகோகனான் என்பவரின் எலும்புகள் கிடைத்தன. 1990-ல் காய்பா என்ற பெயர் பொறித்த எலும்புப் பெட்டி கிடைத்தது, சுவிசேஷங்களில் வரும் தலைமைக் குருவின் குடும்பத்துடையதாக இருக்கலாம். இவை அந்தக் காலத்தைக் காட்டுகின்றன, இயேசுவை அல்ல. இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லப்படும் தூரின் நகரச் சவத்துணியின் வயதை 1988-ல் கார்பன் முறையில் கணித்தபோது 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று வந்தது.

இந்தியாவில் இன்னொரு கதையும் சுற்றுகிறது, இயேசு இளமையில் இங்கே வந்து படித்தார் என்று. 1894-ல் நிக்கொலாஸ் நோட்டோவிச் என்ற ரஷ்யர் லடாக்கின் ஹேமிஸ் மடத்தில் அதற்கான சுவடியைப் பார்த்ததாக எழுதியதில் பிரபலமானது. அடுத்த ஆண்டே ஆக்ராவிலிருந்து ஒரு பேராசிரியர் அங்கே போய்த் தலைமை லாமாவைக் கேட்டார். அப்படி ஒரு சுவடியும் இல்லை, அப்படி ஒருவருக்குக் காட்டவும் இல்லை என்றார் லாமா. தோமா மயிலாப்பூருக்கு வந்தாரா என்பது இதிலிருந்து வேறுபட்ட, மதிக்கத்தக்க கேள்வி. ஆனால் அது சீடரைப் பற்றியது.

ஆக, விசுவாசிகளும் நாத்திகர்களுமாகத் துறை அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பது இதுதான்: நாசரேத்து ஊர்க்காரரான இயேசு என்ற யூதர் இருந்தார், யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றார், கலிலேயாவில் கடவுளின் ராஜ்யம் பற்றிப் போதித்துச் சீடர்களைச் சேர்த்தார், பிலாத்துவின் ஆட்சியில் எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டார். அற்புதங்களும் உயிர்த்தெழுதலும் இந்தக் கருவிகளால் நிரூபிக்கவோ மறுக்கவோ கூடியவை அல்ல, சீடர்கள் அவற்றை நம்பினார்கள் என்பது மட்டும் வரலாறு.

மற்றதெல்லாம் இன்றும் சண்டைதான். உலக முடிவு நெருங்கிவிட்டது என்று எச்சரித்த தீர்க்கதரிசியா, அன்றாட வாழ்வைப் பேசிய ஞானியா என்பதில் ஒற்றுமை இல்லை. இறந்த தேதியும் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை என்பதில் நான்கு சுவிசேஷங்களும் ஒத்துப்போகின்றன. ஆனால் அது யூதர்களின் பஸ்கா பண்டிகை நாள் என்று முதல் மூன்றும், பஸ்காவுக்கு முந்தின நாள் என்று யோவானும் சொல்கின்றன. யோவான் சொல்வதை வைத்து நிலாக் கணக்குப் போடுகிறவர்கள் கி.பி. 30 ஏப்ரல் 7, 33 ஏப்ரல் 3 என்ற இரண்டு தேதிகளில் வந்து நிற்கிறார்கள், முதலாவதன் பக்கம் ஆள் கொஞ்சம் அதிகம்.